ஆச்சி திருப்பிக் கொடுத்த அரிசி

1978-ஆம் ஆண்டு, தலைதீபாவளிக்கு ஒக்கூர் வந்திருந்தேன். நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவன். செட்டிநாட்டு வழக்கம் ஒன்றும் தெரியாது.

மாமனார் வீட்டுக்கு எதிரே ஒரு பெரிய செட்டியார் வீடு. அந்த வீட்டு ஆச்சிக்கு அப்போதே எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தார். நான் போனபோது உழக்கால் அரிசியை அளந்து ஓலைக் கொட்டானில் போட்டுக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன்.

"காச்சலாக் கெடந்தப்ப மருமக பொங்கிக் குடுத்தால்ல தம்பி, அந்த அரிசி. திருப்பிக் குடுத்துப்புடணும்."

அந்த மருமகள் இருந்ததும் அதே வீட்டில்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியாருக்கு ஏழு நாள் கஞ்சி வைத்ததற்கும் கணக்கா? இரவு என் மனைவியிடம் கேட்டேன். "அது அவுக வழக்கம், நீங்க சும்மா இருங்க" என்று முடித்துவிட்டாள்.

பல வருடம் கழித்து, எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நாட்டுக்கோட்டைச் செட்டியார் பற்றிய பகுதியில் ஆச்சியின் அரிசி அப்படியே இருந்தது. கணவனை இழந்த தாயும் மகன்களோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனக்குத் தானே சமைத்துக்கொள்வாள். முடியாதபோது மருமகள் சமைத்துக் கொடுத்தால் தேறியபின் அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று எழுதியிருந்தது.

'வேறு வைத்தல்' என்று இதற்குப் பெயர். உங்களில் பலருக்கு இது புதிதல்ல. வெளியூரில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மகனுக்குக் கல்யாணமானதும் அதே வீட்டில் ஓர் அறை, தனி அடுப்பு, வருடத்துக்கு இவ்வளவு என்று அரிசியும் செலவுப் பணமும் கொடுத்து வேறு வைத்துவிடுவார்கள். ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். வளவு ஒன்று, வாசல் ஒன்று, நல்லது கெட்டது எல்லாம் ஒன்றாக. உலை மட்டும் வேறு. சின்னஞ்சிறு பெண்ணுக்குச் சிக்கனம் பழக்கவும் மாமியார் மருமகள் சண்டையைத் தவிர்க்கவும் ஏற்பட்ட ஏற்பாடு என்பார்கள். ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போனால் திரும்ப மூன்று வருடம் ஆகும். அதுவரை வீட்டை நடத்த வேண்டியவள் பெண்தான். கணக்குத் தெரியாமல் எப்படி நடத்துவாள்?

ஆனால் இந்த ஏற்பாடு முதுமைக்கு என்ன செய்தது என்பதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு ஆச்சியின் ஒரு நாளை நினைத்துப் பார்க்கிறேன். விடியுமுன் எழுந்து முகப்புக்கு வருவார். முகப்பிலிருந்து பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு தாண்டி அடுப்படிக்குப் போக வேண்டும். அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஒரு நாளைக்குப் பத்து முறை போய் வந்தாலே என்னைப் போன்றவர்கள் இன்று டாக்டர் சொல்லி நடக்கிற நடை முடிந்துவிடும். நிலைப்படி ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம். காலைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். கிணற்றில் நீர் இறைத்தல், அம்மியில் அரைத்தல், குந்தி உட்கார்ந்து எழுதல். மத்தியானம் கொட்டான் முடைவார். சாயந்திரம் பல்லாங்குழி. எந்தக் கல்யாணத்துக்கு யார் என்ன மொய் வைத்தார்கள் என்பது ஏட்டைப் பார்க்காமலே சொல்வார். உடலுக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று என்று யாரும் அவருக்கு அட்டவணை போட்டுக் கொடுக்கவில்லை. நாளைக்கு என்ன சமைப்பது, புளி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற கவலை எண்பது வயதிலும் அவருடையதாக இருந்தது. அந்தக் கவலைதான் அவரை எழுப்பி நடக்கவைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

அமெரிக்காவில் 1976-இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு தளத்துக்காரர்களிடம் ஆளுக்கு ஒரு செடியைக் கொடுத்து, இதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் அறை, உங்கள் பொழுது எல்லாம் உங்கள் பொறுப்பு என்றார்கள். இன்னொரு தளத்துக்காரர்களுக்கும் செடி உண்டு. ஆனால் நர்ஸ் தண்ணீர் ஊற்றிவிடுவார், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மூன்றே வாரத்தில் முதல் தளத்தார் சுறுசுறுப்பிலும் உற்சாகத்திலும் முந்திவிட்டார்கள். செடிக்குப் பதில் அரிசி என்று வைத்துக்கொண்டால் நம் ஆச்சிமார் கதைதான்.

வயதானபின் உடம்பு தேறுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ராபர்ட் மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரர் கதை. பிரெஞ்சுப் பத்திரிகை படிக்கிற பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. அவர் 1911-இல் பிறந்தவர். 2012-இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் ஓட்டினார். வெரோனிக் பில்லா என்ற உடலியல் அறிஞர் பயிற்சிமுறை வகுத்துக் கொடுத்தார். 2014-இல், 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர்! இரண்டு வயது கூடியபின் வேகமும் கூடியிருக்கிறது. 2021-இல், 109 வயதில் காலமானார். நாம் சைக்கிள் மிதிக்க வேண்டாம், மாடிப்படி போதும்.

இப்படிச் சொல்வதால் அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். இடுப்பொடிந்த வேலை அது. கணவனை இழந்த பெண்களுக்கு வெள்ளைச் சேலையும் தனி அடுப்பும் கிடைத்தன. வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. முதியவர்களைத் தனியே சமைக்கவிட்டால் நீடூழி வாழ்வார்கள் என்ற முடிவுக்கு வந்துவிடுவதும் ஆபத்து. ஏனென்றால் தனி அடுப்பு பலித்ததே, அதே வளவில் இன்னும் நாலைந்து அடுப்புகள் எரிந்ததால்தான். ஆச்சி விழுந்தால் தூக்க ஆள் இருந்தது. காய்ச்சலில் கஞ்சி வைக்க மருமகள் இருந்தாள்.

இதைப் பாண்டிய நாட்டுப் பெரியவர் ஒருவர் எப்போதோ சொல்லிவிட்டார். கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையாரிடம், இவ்வளவு வயதாகியும் நரை இல்லையே எப்படி என்று கேட்டார்கள். அவர் பதில் புறநானூற்றில் 191-ஆம் பாட்டு. அதில் பத்தியமும் இல்லை, மூலிகையும் இல்லை. நல்ல மனைவி, நல்ல மக்கள், மனமறிந்த ஏவலர், அல்லாதது செய்யாத அரசன் என்று சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் ஊரில் வாழும் சான்றோரைச் சொல்கிறார். தன் உடம்பைப் பற்றிக் கேட்டால் மனிதர் சுற்றியிருப்பவர்களைப் பற்றியே பேசுகிறார்!

நம் பக்கம் அந்தச் சுற்றம் கலைந்த கதை தெரிந்ததுதான். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் 1930-களின் கடைசியில் செட்டியார்கள் கையில் இருந்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான். 1948-இல் நில தேசியமயச் சட்டம், 1963-இல் வங்கிகள். பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் போனார்கள். எதிர்வீட்டில் ஆச்சிக்குப் பின் ஒவ்வொரு அடுப்பாக அணைந்தது. இப்போது ஒரு காவல்காரர் மட்டும் முகப்பில் படுத்திருக்கிறார்.

என் மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. போன வருடம் கொல்லையில் வழுக்கி விழுந்தேன். மகன் பதறிப்போய்ச் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனான். குறை சொல்ல ஒன்றுமில்லை. சமையலுக்கு ஆள், லிஃப்ட், மெத்தென்ற நாற்காலி. "அப்பா, நீங்க எதையும் தொட வேண்டாம்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். மூன்று மாதத்தில் நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையும் ஊன்ற வேண்டியதாயிற்று. என்ன கிழமை என்று தினமும் கேட்டேன். பேத்தி சிரித்தாள், எனக்குப் பயமாக இருந்தது.

பொங்கலுக்கு முன் ஒக்கூர் திரும்பிவிட்டேன். மச்சினன் வீட்டு வளவிலேயே ஓர் அறை. மத்தியானச் சாப்பாடு அவர்களோடு. காலையும் இரவும் என் அடுப்பு, என் பருப்பு. குளியலறையில் கைப்பிடி போட்டாயிற்று. காலையில் தெருக்கோடி வரை போய் வருகிறேன். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ ஒன்றரை மாதம் ஆயிற்று.

சென்ற மாதம் எனக்கும் நான்கு நாள் காய்ச்சல். மச்சினன் மருமகள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். எழுந்ததும் அரிசியை அளந்து எடுத்துக்கொண்டு போனேன். "என்ன பெரியப்பா இது, அசிங்கமா" என்று வாங்க மறுத்துவிட்டாள். இரண்டு முறை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன். கோப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது.