கச்சையினின்று விடுதலை

உரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பல தொகுதிகளில் எழுதிய எட்வேட் கிபன், தம் உடற் குறையொன்றை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மறைத்து வாழ்ந்தார். விதைப்பையில் நீர் கட்டியதோடு குடலும் இறங்கியிருந்தது. உற்ற நண்பரான ஷெபீல்ட் பிரபுவுக்கும் 1793 ஆம் ஆண்டிலேதான் அதனை வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரிற் சத்திரவைத்தியர் நீரை வடித்தனர். 1794 ஜனவரியில் அவர் மாண்டார். கல்வியும் செல்வமும் உடையார்க்கே நாணம் இத்துணைப் பகையாயிற்றெனின், உடலுழைப்பால் உயிர் வளர்த்தோர் நிலையை என்னென்பது!

வயிற்றுச் சுவர் நலிந்தவிடத்து உள்ளுறுப்பு வெளித்தள்ளுவதே குடலிறக்கம். சுமை தூக்குங்காலும் இருமுங்காலும் அது புடைத்தெழும். படுத்தாற் பெரும்பாலும் உள்ளே மீளும். மீளாது நெரிபட்டுக் குருதியோட்டம் தடைப்படின் உயிர்க்கே இறுதியாகும். ஆதலின் கூலியாளனுக்கு வேலை செய்வதும் அச்சம், செய்யாதிருப்பதும் அச்சம். 16 ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஊரூராய்த் திரிந்த அறுவையாளர் பலர் விதையையும் சேர்த்தே அறுத்தெறிந்தனர். அம்புரோஸ் பாரே அக்கொடுமையைக் கண்டித்தார்; கச்சை அணிவித்தார். பின்னர் உருக்கு வில் பொருத்திய கச்சை பெருவழக்காயிற்று. அதனை வாங்க வழியற்றோர்க்கு உதவவே 1807 இல் இலண்டனில் ஒரு சங்கம் தோன்றியது. கச்சையோ நோயைத் தீர்ப்பதன்று. தோலை உராய்ந்து புண்ணாக்கி, நாள்தோறும் நோயை நினைவூட்டுவது.

இந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் எடுவார்தோ பாசினி. 1844 இல் பாவியாவிற் பிறந்து, 1866 இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டே கரிபால்டியின் இயக்கத்தாரோடு சேர்ந்து உரோமாபுரிக்கு அண்மையிலுள்ள வில்லா குளோரியிற் போரிட்டார். துப்பாக்கிமுனைக் கத்தி வலக் கவட்டிற் பாய்ந்தது. சிறைப்பட்டு, மலங் கசியும் புண்ணோடு மாதக்கணக்கில் வருந்தினார். பிற்காலத்திற் கவட்டையே ஆராயப் புகுந்தமைக்கு இதுவே காரணமெனத் துணிதற்கில்லை. ஆயினும் நோயாளர் படும் பாட்டை அவர் ஏட்டில் மட்டும் கற்றவரல்லர்.

அதுகாறும் சிகிச்சை பெற்றவரும் மீண்டும் கச்சையையே அணிய நேர்ந்தது. பாதுவாவிற் பேராசிரியராயிருந்த பாசினி, 1884 முதல் கவட்டுக் கால்வாயின் பின்சுவரைத் தசையடுக்குகளால் மீளக் கட்டினார். தம் நோயாளர் கச்சையின்றி நடமாடல் வேண்டுமென்பதே அவர் கருத்து. 1889 இல் வெளியிட்ட நூலில் 262 சிகிச்சைகளைக் கணக்கிட்டுக் காட்டினார். வீடு திரும்பியோரைப் பின்னும் தொடர்ந்து ஆராய்ந்தமை அவருடைய தனிச்சிறப்பு. நோய் மீண்டவர் பத்துப் பேருக்கும் குறைவு.

1950களின் இறுதியில் அமெரிக்காவில் பிரான்சிஸ் அஷர் செயற்கை வலையைப் பயன்படுத்தத் தொடங்கினார். வலையால் நோய் மீளுதல் அருகியது. சிலர்க்கோ நீங்காத வலி எஞ்சியது. எனவே சத்திரவைத்தியரின் கணக்கு மட்டும் போதாதாயிற்று. 2008 இல் அமெரிக்காவில் வெளிவந்த கரோலைனா அளவுகோல், படுத்தல், குனிதல், இருத்தல், இருமல், நடத்தல், படியேறல் முதலியவற்றில் துன்பம் எவ்வளவென நோயாளரையே வினவுகிறது.