பெட்டி ஆமைக் குஞ்சு வளர்ப்பு

காட்டோரத்திலோ வீட்டுத் தோட்டத்திலோ தற்செயலாகக் கண்ணில் படும் பெட்டி ஆமைக் குஞ்சை எடுத்துப்போய் வளர்ப்பது அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். பெட்டி ஆமை என்பது வட அமெரிக்காவுக்கே உரிய டெரபீனி என்னும் பேரினத்து ஆமைகளின் பொதுப்பெயர். தரையில் வாழ்ந்தாலும் இவை நில ஆமைக் குடும்பத்தவை அல்ல. குளத்து ஆமைகள் பல அடங்கிய எமிடிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. அடியோட்டின் குறுக்கே ஒரு கீல் அமைந்திருப்பதால் அதன் முன்பாதியையும் பின்பாதியையும் மேலே இழுத்து, தலையும் காலும் வாலும் துளியும் தெரியாதபடி அடைத்துக்கொள்ள இவற்றால் முடிகிறது. முதிர்ந்த கீழைப் பெட்டி ஆமையின் மேலோடு 12 முதல் 15 செ.மீ. வரை நீளும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் ஓடு ஏறத்தாழ 3 செ.மீ. அளவே. அதற்குக் கீல் வேலை செய்வதில்லை. அதனால் அந்த வயதில் அது பெட்டியும் அல்ல, பாதுகாப்பும் அற்றது.

வகைப்பாடு

ஆங்கிலேய இயற்கையியலாளரும் ஓவியருமான ஜார்ஜ் எட்வர்ட்ஸ் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கரோலைனாவின் தரை ஆமை ஒன்றை வரைந்து வெளியிட்டார். லின்னேயஸ் 1758இல் அந்தப் படத்தைச் சான்றாகக் காட்டி டெஸ்டுடோ கரோலினா எனப் பெயரிட்டார். உலகின் எல்லா ஆமைகளையும் அவர் டெஸ்டுடோ என்ற ஒரே பேரினத்தில் அடக்கியிருந்த காலம் அது. ஜெர்மானியரான பிளாசியஸ் மெர்ரெம் 1820இல் டெரபீனி என்னும் பேரினத்தைத் தனியே நிறுவினார். லூயி அகாசி 1857இல் அணிப் பெட்டி ஆமை, மூவிரல் பெட்டி ஆமை, வளைகுடாக் கரைப் பெட்டி ஆமை ஆகிய மூன்றையும் விவரித்தார். மெக்சிகோவின் குவாத்ரோ சியேனெகாஸ் சதுப்புகளில் மட்டும் வாழும் கொவாவீலா பெட்டி ஆமை 1944 வரை அறிவியலுக்குத் தெரியாமலே இருந்தது. மற்றவை தரையை நம்பியிருக்க, இது ஒன்றே தண்ணீரில் காலம் கழிக்கும்.

மரபான பகுப்பின்படி கரோலினா, அணி, புள்ளி, கொவாவீலா என நான்கு இனங்கள் கொள்ளப்படுகின்றன. கரோலினா இனத்துக்குள் கீழை, மூவிரல், வளைகுடாக் கரை, புளோரிடா, மெக்சிகோ, யுகட்டான் என ஆறு துணையினங்கள் உண்டு. மரபணு ஆய்வின் அடிப்படையில் மூவிரல் ஆமையைக் கரோலினாவிலிருந்து பிரிக்க வேண்டும் என்ற கருத்து 2013இல் முன்வைக்கப்பட்டது. ஆனால் இரண்டும் எல்லைப்புறங்களில் கலந்து இனம் பெருக்குவதால் பழைய பகுப்பே பொருத்தமானது என்போரும் உண்டு. நெப்ராஸ்காவின் மயோசீன் படிவுகளில் கிடைத்த புதைபடிவங்கள் கீல் கொண்ட இந்த ஓட்டின் தொன்மையைக் காட்டுகின்றன.

ஆசியாவிலும் பெட்டி ஆமை எனப்படுபவை உண்டு. குவோரா பேரினத்தைச் சேர்ந்த அவற்றில் ஒன்று இந்தியாவின் வடகிழக்கிலும் நிக்கோபார் தீவுகளிலும் வாழ்கிறது. அவை வேறு குடும்பத்தவை. ஓட்டை அடைக்கும் திறன் அங்கே தனியாகத் தோன்றியது.

மனிதரும் பெட்டி ஆமையும்

அமெரிக்காவின் தென்கிழக்குப் பழங்குடியினரான செரோக்கி, மஸ்கோகி மக்களின் நடனங்களில் பெண்கள் கூழாங்கல் நிரப்பிய பெட்டி ஆமை ஓடுகளைக் கணுக்காலுக்கு மேல் அடுக்காகக் கட்டி ஆடுவது மரபு. தாளம் அந்த ஓடுகளிலிருந்தே எழும். இராக்குவாய் மக்களும் கிலுகிலுப்பைக்கும் உணவுக்கும் இவற்றைப் பயன்படுத்தினர். நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் இந்த ஆமை அருகிப்போனதற்கு அப்பயன்பாடே காரணம் என்று ஊர்வனவியலாளர் கிரெய்க் ஆட்லர் 1970இல் எழுதினார். குடியேறிய ஐரோப்பியரின் பழக்கம் வேறு: பண்ணையில் கண்ட ஆமையின் அடியோட்டில் தம் பெயரெழுத்தையும் ஆண்டையும் கத்தியால் செதுக்கி விட்டுவிடுவார்கள். தாத்தா செதுக்கியதைப் பேரன் அதே வயலில் மீண்டும் காண்பதுண்டு. சில ஆமைகள் நூறாண்டு கடந்தவை என்ற கூற்றுக்குத் தொடக்ககாலச் சான்றுகள் இந்தச் செதுக்கல்களே.

அறிவியல் முறையில் இதே வேலையைச் செய்தவர் ஜான் டிரெட்வெல் நிக்கோல்ஸ். மீனியலுக்கும் ஊர்வனவியலுக்குமான கோபெயா இதழை 1913இல் தொடங்கிய அவர், லாங் ஐலண்டில் தம் இடத்தைச் சுற்றித் திரிந்த ஆமைகளுக்கு 1915 முதல் அடையாளமிட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகும் அவை முதலில் கண்ட இடத்தின் அருகிலேயே அகப்பட்டன என்பதை 1939இல் வெளியிட்டார். உண்ணி ஆய்வாளரான எச். இ. யூயிங், துணையின்றித் தனியே வைக்கப்பட்ட பெண் ஆமைகள் நான்காண்டுகள் வரை கருவுள்ள முட்டையிட்டதை 1943இல் காட்டினார். விந்தைச் சேமித்து வைக்கும் திறன் இவ்வாறு தெரியவந்தது. பகல் நீளம் செடிகளின் பூத்தலைத் தீர்மானிப்பதைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான எச். ஏ. அல்லார்டும் தம் ஓய்வு நேரத்தை இந்த ஆமைக்கே கொடுத்தவர். மூவரின் முதன்மைப் பணியும் வேறு என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இவர்களுக்கெல்லாம் மேலாகச் சொல்ல வேண்டியவர் லூசில் ஸ்டிக்கல். மேரிலாந்தின் பட்டுக்சென்ட் ஆய்வுக் காப்பகத்தில் 1940களில் அவர் ஆமைகளின் ஓட்டு விளிம்பில் அரத்தால் சிறு வெட்டுகளிட்டு எண் கொடுத்தார். சிலவற்றின் முதுகில் நூற்கண்டை ஒட்டி அனுப்பினார். ஆமை நகர நகர நூல் பிரிந்து புதர்களிலும் சருகுகளிலும் படிந்து, அது சென்ற வழி முழுவதையும் காட்டியது. ஆணின் வாழ்பரப்பு ஏறத்தாழ 330 அடி விட்டமும் பெண்ணுடையது 370 அடி விட்டமும் கொண்டது என்று 1950இல் அறிவித்தார். ஒரு பெரிய பள்ளி மைதானத்துக்குள் ஓர் ஆமையின் வாழ்நாள் முழுதும் அடங்கிவிடுகிறது. குஞ்சை எடுத்துச்சென்று வேறிடத்தில் விடுவது ஏன் தீங்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

குஞ்சின் வாழ்வு

பெண் ஆமை மே முதல் ஜூலை வரை, பெரும்பாலும் அந்தி வேளையில், பின்கால்களை மாற்றி மாற்றி இட்டுக் குழி தோண்டும். நான்கைந்து முட்டைகள் இடும். ஒவ்வொன்றையும் பின்காலாலேயே ஒதுக்கி அமைத்து, மண்ணைத் தள்ளி மூடி, மிதித்துச் சமப்படுத்தும். தான் இட்ட முட்டையைத் தாய் ஒருமுறையும் பார்ப்பதில்லை. அதன்பின் அந்தக் குழிக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது.

ஆணா பெண்ணா என்பதை மண்ணின் வெப்பம் முடிவு செய்கிறது: 27 பாகைக்குக் கீழே பெரும்பாலும் ஆண், 28 பாகைக்கு மேலே பெரும்பாலும் பெண். ஏறத்தாழ 70 முதல் 90 நாளில், கோடை முடிவில், குஞ்சுகள் பொரிக்கும். சில கூட்டிலேயே குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தில் மேலே வரும். அப்போது ஓடு தட்டையாகவும் பழுப்பாகவும் இருக்கும். நடுவே ஒரு வரப்பும், ஒவ்வொரு செதிலிலும் ஒரு மஞ்சள் பொட்டும் தெரியும். மூக்கின் நுனியில் முட்டையை உடைக்கப் பயன்பட்ட கூர்முனையும், வயிற்றின் நடுவில் மஞ்சள்கரு ஒட்டியிருந்த தழும்பும் இருந்தால் குஞ்சு புதியது.

ராக்கூன், ஸ்கங்க், நரி, காகம், பாம்பு ஆகிய அனைத்துக்கும் இது இரை. அதனால் சருகுக்கடியிலும் ஈரமண்ணிலும் மறைந்தே வாழும். ஆய்வாளர்களுக்கே அகப்படுவது அரிது. மறைந்திருக்கும் குஞ்சைத் தாயால் கைவிடப்பட்டது என்று கருதுவது பெரும் தவறு. இந்த இனத்தில் தாய்ப் பராமரிப்பே இல்லை. காயமின்றி இருக்கும் குஞ்சை, கண்ட இடத்திலேயே, சருகு அடர்ந்த நிழலில் விட்டுவிடுவதே முறை. சாலையில் கண்டால், அது நோக்கிச் சென்ற பக்கத்தில் விட வேண்டும். நாய் கடித்ததோ ஓடு உடைந்ததோ என்றால் உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வாளரிடம் சேர்க்க வேண்டும்.

குஞ்சுகளில் பெரும்பாலானவை எப்படியும் மடிந்துவிடும், ஒன்றை எடுத்தால் குறையில்லை என்பது வளர்ப்போர் வாதம். இது ஏற்கத்தக்கதல்ல. பெண் ஆமை முதிர்ச்சியடைய 7 முதல் 10 ஆண்டு வரை, சில இடங்களில் அதற்கும் மேல் ஆகிறது. அவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்தில் பிழைக்கவிருந்த ஒரு குஞ்சின் இடத்தை இன்னொன்று எளிதில் நிரப்புவதில்லை.

வளர்க்கும் முறை

திரும்ப விட முடியாத குஞ்சுக்கு முதல் தேவை ஈரம். வறண்ட தொட்டியில் அது விரைவில் நீர் வற்றி இறந்துவிடும். சருகும் பாசியும் கலந்த தென்னை நார்க்கழிவைத் தரையாகப் பரப்புவார்கள்.  தண்ணீர்த் தட்டு குஞ்சின் தாடைக்கு மேல் ஆழம் போகக்கூடாது, மூழ்கிவிடும். ஒரு மூலையில் 30 பாகை வரை வெயில் விளக்கும், மறுமூலையில் குளிர்ச்சியும் வேண்டும். புற ஊதாக் கதிர் விளக்கு கட்டாயம். அது எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் நாளடைவில் குன்றிவிடும் என்பதால் உற்பத்தியாளர் சொல்லும் கெடுவில் மாற்ற வேண்டும்.

மஞ்சள்கரு வயிற்றில் மிச்சமிருப்பதால் முதல் வாரம் பல குஞ்சுகள் எதையும் தொடாது. பிறகு அசைவதை மட்டும் கவனிக்கும்: சிறு மண்புழு, சிறு பூச்சி, நறுக்கிய புழு, ஓடில்லா நத்தை. வளர வளரப் பழமும் காளானும் சேரும். மனிதருக்கு நஞ்சாகும் காளான்களையும் முதிர்ந்த ஆமை தின்னும். மேயாப்பிள் செடியின் பழத்தைத் தின்று விதை பரப்புவதும் இதுவே. கால்சியம் குறைந்தால் ஓடு மெத்தென்றாகும். வைட்டமின் ஏ குறைந்தால் இமை வீங்கி, காதருகே சீழ்க்கட்டி திரளும். கீல் அசையத் தொடங்கவே நான்கைந்து ஆண்டு பிடிக்கும். 30, 40 ஆண்டு வாழும் உயிரை யார் கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள் என்பதை எடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். ஆமை சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். அதனாலேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடை செய்தது. தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது குழந்தைகளுக்கு மட்டுமான விதி அல்ல.

நெடுநாள் வளர்ந்த ஆமையைக் காட்டில் விடுவது ரானாவைரஸ் போன்ற நோய்களைப் பரப்பக்கூடும். ஆய்வாளர்கள் மட்டும், மிச்சிகனின் ஃபோர்ட் கஸ்டர் போன்ற இடங்களில், குஞ்சுகளைச் சில மாதம் வளர்த்துப் பெரிதாக்கி விட்டுப் பார்த்துள்ளனர்.

நிலை

வட கரோலைனா 1979இலும் டென்னசி 1995இலும் கீழைப் பெட்டி ஆமையை மாநில ஊர்வன விலங்காக ஏற்றன. காட்டிலிருந்து எடுப்பது பல மாநிலங்களில் குற்றம். பன்னாட்டு வணிகத்துக்கு 1990களின் நடுவிலிருந்து கட்டுப்பாடு உண்டு. கரோலினா இனம் 2011இல் அழிவாய்ப்புள்ளதாக மதிப்பிடப்பட்டது, எண்ணிக்கை குறைந்துவருகிறது.