மானூர்க் கல்வெட்டு

திருநெல்வேலிக்கு வடக்கே, தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்று நீர் பாயும் மானூரில், அம்பலவாணர் கோயிலில் உள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு. மாறஞ்சடையன் ஆட்சியில், ஏறத்தாழ கி.பி. 800இல் பொறிக்கப்பட்டது. ஊர்ச்சபையில் யார் அமரலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சபையாரே வகுத்த விதிகள் இதில் உள்ளன. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளைவிட ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையது; அவை பெற்ற புகழில் பாதியேனும் இதற்குக் கிடைத்திருக்க வேண்டும்.

ஊரில் பங்குடையவரின் மக்களுள் ஒருவரே உறுப்பினராகலாம். நல்லொழுக்கத்துடன் வேத நூலான மந்திர பிராமணத்திலும் ஒரு தரும நூலிலும் பயிற்சி வேண்டும். கால், அரை, முக்கால் உறுப்புரிமை செல்லாது. முழு உரிமை இல்லாதவருக்குச் சபையின் குழுக்களான வாரியங்களில் இடமில்லை. மிக நுட்பமானது கடைசி விதி: சபைமுன் வரும் ஒவ்வொரு காரியத்தையும் விடாப்பிடியாக மறுத்து முட்டுக்கட்டை போடுபவரும், அவருக்குத் துணை நிற்பவரும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். கற்றுத் தெரிந்தவர் வரவேண்டும், வந்தவர் காரியம் நடக்கவிட வேண்டும் என்ற அக்கறை வியக்கத்தக்கது.

ஆனால் அது நிலமுடைய பிராமணர்களின் சபை. வயலில் உழைத்தவர்களுக்கு அதில் குரலில்லை. மானூர் இன்று ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும், பெண்கள் உட்பட, கிராமசபையில் அமர்ந்து வரவு செலவைக் கேட்கலாம்.