துள்ளும் கர்சருக்கு ஒரு முடிவு: லிப்இன்புட் பிறந்த கதை

மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக்கொண்டவர்கள் இந்தத் தொல்லையைக் கொஞ்சமாவது பட்டிருப்பார்கள். தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே கர்சர் நாலு வரி மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்து அடித்ததெல்லாம் வேறொரு வாக்கியத்தின் நடுவில் போய் விழும். விரலைச் சும்மா வைத்திருந்தாலே அம்புக்குறி நடுங்கும். பக்கத்தை நகர்த்தப் போனால் எங்கேயோ கிளிக் ஆகிவிடும். பல வருடங்களாக இதற்குச் சொல்லப்பட்ட மருந்து, ஒரு செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான். அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது லிப்இன்புட் என்ற மென்பொருள். இன்று பெரும்பாலான லினக்ஸ் மடிக்கணினிகளில் விரலுக்கும் திரைக்கும் நடுவில் ஓடுவது அதுதான். அதன் பெயரை அறிந்தவர்கள் குறைவு.

அது ஏன் பிறக்க வேண்டியிருந்தது என்பது டச்பேடின் வேலையைப் பார்த்தால் புரியும். டச்பேடுக்கு விரல் என்றால் என்னவென்றே தெரியாது. பலகைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மின்முனைகள் ஓடுகின்றன. அவற்றின் மின்தேக்குதிறன் எங்கே மாறுகிறது என்று அளந்து, இந்த இடத்தில் இவ்வளவு அழுத்தமாக ஏதோ ஒன்று இருக்கிறது என்று அறிவிப்பதோடு அதன் கடமை முடிந்தது. அது விரலா, உள்ளங்கையின் ஓரமா, ஓய்வாகக் கிடக்கும் கட்டைவிரலா என்று முடிவு செய்ய வேண்டியது மென்பொருள்.

ஆப்பிளின் பவர்புக் 500 வரிசை 1994-இல் டச்பேடோடு வந்தது. ஃபெடரிக்கோ ஃபாகினும் கார்வர் மீடும் 1986-இல் தொடங்கிய சினாப்டிக்ஸ் நிறுவனத்தின் டச்பேடுகளும் அந்தப் பத்தாண்டில் பல மடிக்கணினிகளில் ஏறின. ஆனால் மவுஸுக்கென்று ஐபிஎம் வகைக் கணினிகளுக்குள் அப்போது இருந்த பாதை, ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த பி.எஸ்/2 இணைப்பு. டச்பேடும் தன்னை ஒரு மவுஸ் என்று சொல்லிக்கொண்டு அதன் வழியாகவே நுழைந்தது. சினாப்டிக்ஸ் பலகை ஒரு தடவைக்கு 6 பைட், நொடிக்கு 80 தடவை வரை அனுப்பும். இடம், அழுத்தம், விரலின் அகலம் எல்லாம் அந்த 6 பைட்டுக்குள் அடக்கம். நடுவில் ஒரு பைட் தவறினால், முதல் பொத்தானைத் தப்பாகப் போட்ட சட்டை மாதிரி, பின்னால் வருவதெல்லாம் இடம் மாறி விழும். லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவேட்டில் ‘லாஸ்ட் சிங்க்’ என்று ஒரு வரி வரும். திரையில் கர்சர் மூலைக்குப் பாய்ந்திருக்கும். அந்த வரியைப் பார்த்த பிறகும் தன் விரல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு.

லினக்ஸில் திரையை ஆண்ட எக்ஸ் விண்டோவின் காலத்தில் இதையெல்லாம் சமாளித்தது சினாப்டிக்ஸ் டிரைவர். பெயர்தான் நிறுவனத்துடையது, எழுதியவர்கள் வெளியில் இருந்த நிரலாளர்கள். 2000-களின் தொடக்கத்திலிருந்து பலர் கைமாற்றி வளர்த்த உழைப்பு அது. அது இல்லாவிட்டால் அன்று லினக்ஸில் டச்பேட் வெறும் மவுஸாகத்தான் இருந்திருக்கும், அந்த மரியாதையைக் குறைக்கக் கூடாது. ஆனால் அதன் செட்டிங்ஸ் பட்டியல் பத்து, இருபதில் நிற்கவில்லை. விரல் தொட்டதாக எண்ண எவ்வளவு அழுத்தம் வேண்டும், எடுத்துவிட்டதாக எண்ண எவ்வளவு, எந்த அகலத்துக்கு மேல் உள்ளங்கை, ஓரம் எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு மில்லிமீட்டர் போன்ற அலகும் கிடையாது. அந்தந்தப் பலகை அனுப்பும் எண்தான் அளவு. ஒருவருடைய கணினியில் சரியாக வந்த கோப்பு இன்னொருவர் கணினியில் கர்சரையே முடக்கிவிடும். இதைச் சுதந்திரம் என்று பலர் கொண்டாடினார்கள். எனக்கு அது சுமையாகத்தான் தெரிகிறது. ஒரே கோளாறை ஆயிரம் பேர் ஆயிரம் வீட்டில் தனித்தனியாகச் சரிசெய்ததால், அடுத்து வந்தவருக்கு அதில் எதுவும் மிஞ்சவில்லை.

மாற்றம் வேறொரு திசையிலிருந்து வந்தது. கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கிய வேலண்ட், எக்ஸ் விண்டோவின் இடத்தைப் பிடிக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்டது. எக்ஸில் டிரைவர்கள் சர்வருக்குள்ளேயே ஏறி ஓடின. வேலண்டில் அப்படி ஒரு பொதுச் சர்வர் இல்லை; திரையை ஆளும் ஒவ்வொரு கம்போஸிட்டரும் விசைப்பலகையையும் டச்பேடையும் தானே படித்தாக வேண்டும். அப்படியானால் ஒவ்வொருவரும் உள்ளங்கையை அடையாளம் காணும் நிரலைப் புதிதாக எழுத வேண்டுமா? வேலண்டின் மாதிரிக் கம்போஸிட்டரான வெஸ்டனுக்குள் ஏற்கெனவே கொஞ்சம் நிரல் இருந்தது. நிரலாளர் யோனாஸ் ஓடால் 2013-இன் இறுதியில் அதைப் பிரித்தெடுத்துத் தனி லைப்ரரி ஆக்கினார். முதல் வெளியீடு 2014-இன் தொடக்கத்தில் வந்தது.

அதை இன்றைய உருவுக்குக் கொண்டுவந்தவர் ரெட்ஹாட்டில் பணியாற்றிய பீட்டர் ஹுட்டரர். தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்காக, ஒரே திரையில் பல கர்சர்களை ஓடவைக்கும் எம்பிஎக்ஸ் என்பதை எக்ஸில் கட்டியவர் அவர். பின்பு பல ஆண்டுகள் சினாப்டிக்ஸ் டிரைவரையே பராமரித்ததால், அதில் எங்கே எது உடையும் என்பது அவருக்கு அத்துப்படி. சக நிரலாளர் ஹான்ஸ் டி கூடேவும் சேர்ந்துகொள்ள, டச்பேட் நிரல் வேகமாக வளர்ந்தது. மே 2015-இல் ஃபெடோரா 22 என்ற லினக்ஸ் வெளியீடு பழைய எக்ஸ் திரைக்கும் லிப்இன்புட்டையே இயல்பாக வைத்தது. ஆகஸ்டில் 1.0 பதிப்பு வந்தது.

புதுமை எங்கே இருந்தது? பயனாளியிடம் எண் கேட்பதை நிறுத்தியதில். தட்டச்சு செய்யும்போது டச்பேடை அடக்க முன்பு தனியாக ஒரு நிரலை ஓடவிட வேண்டியிருந்தது. லிப்இன்புட் விசைப்பலகையையும் தானே பார்ப்பதால் அந்த வேலையைத் தனக்குள்ளேயே செய்துகொள்கிறது. ஒரு விசையைத் தட்டினால் 200 மில்லிவினாடி, தொடர்ந்து தட்டினால் 500 மில்லிவினாடி வரை புதுத் தொடுதலைக் கண்டுகொள்ளாது. கண்ட்ரோல், ஷிஃப்ட் மாதிரி விசைகளுக்கு இந்தத் தடை கிடையாது; அவற்றைப் பிடித்துக்கொண்டே கிளிக் செய்கிறவர்கள் இருக்கிறார்களே. அம்புக்குறி இடம் வலம் இடம் என்று சட்சட்டென ஆடினால் அது விரலின் அசைவு இல்லை, பலகையின் நடுக்கம் என்று புரிந்துகொண்டு அதை மட்டும் அமுக்கும். மனித விரல் போகவே முடியாத தூரத்துக்கு ஒரு தொடுதல் தாவினால், அந்தத் தாவலைத் தூக்கி எறிந்துவிட்டு, ‘கெர்னல் பிழை’ என்ற தலைப்போடு பதிவேட்டில் எழுதிவைக்கும். குற்றம் யாருடையது என்று அங்கே எழுத்திலேயே இருக்கும்.

லெனோவோவின் 2013-ஆம் ஆண்டு டி440 வரிசை இதற்கு நல்ல பரீட்சை. விசைப்பலகையின் நடுவில் இருக்கும் டிராக்பாயின்ட் குமிழுக்கான தனிப் பொத்தான்களை எடுத்துவிட்டு, டச்பேடின் மேல் விளிம்பையே பொத்தானாக்கியிருந்தார்கள். போதாக்குறைக்கு, பலகையின் எல்லைகளை அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் தவறாக அறிவித்தது. மேல் விளிம்பு எங்கே என்று தெரியாமல் அங்கே பொத்தானை எப்படி வைப்பது? அந்த மாடல்களின் சரியான எல்லைகளைக் கெர்னலிலேயே பட்டியலாக எழுதிவைக்க வேண்டியதாயிற்று. லிப்இன்புட் தூரங்களை மில்லிமீட்டரில் கணக்கிடுவதால் பலகை தன் அளவைச் சரியாகச் சொல்வது முக்கியம். சொல்லாவிட்டால் ஒரு ஸ்கேலை எடுத்து டச்பேடின் நீள அகலத்தை அளந்து, ‘லிப்இன்புட் மெஷர் டச்பேட்-சைஸ்’ என்ற கட்டளைக்குக் கொடுத்துவிட்டு, நான்கு ஓரங்களிலும் விரலை ஓட்டினால் போதும். சரியான கணக்கை அது எழுதித் தரும். நிபுணத்துவம் எதுவும் தேவையில்லாத இந்த வேலையின் பலன், அதை அனுப்பிவைத்தால், அதே மாடல் வைத்திருக்கும் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

‘லிப்இன்புட் ரெக்கார்ட்’ என்ற கட்டளை இதைவிடவும் பெரிய சொத்து. உங்கள் டச்பேட் அனுப்பும் ஒவ்வொரு தகவலையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதிவைக்கும். கூடவே விசைப்பலகையைப் பதிந்தாலும் எழுத்து விசைகளெல்லாம் ‘ஏ’ என்றே மாற்றப்பட்டிருக்கும், கடவுச்சொல் வெளியே போகாது. நிரலாளர் எந்த நாட்டில் இருந்தாலும், அந்தக் கோப்பை ஓடவிட்டால் உங்கள் டச்பேடே அவர் கணினியில் முளைத்தது போல அதே துள்ளல் அவருக்கும் நடக்கும். சரிசெய்த பிறகு அந்தச் சாதனத்தின் மெய்நிகர் வடிவத்தைச் சோதனைத் தொகுப்பில் சேர்க்கலாம். பழைய கோளாறு திரும்ப வந்தால் அடுத்த வெளியீட்டுக்கு முன்பே தெரிந்துவிடும்.

செட்டிங்ஸ் குறைந்ததில் கோபப்பட்டவர்கள் நிறைய. கர்சரின் வேகம் பற்றிய புகார் நியாயமானது. விரல் அசைவுக்கு ஏற்ப அது கூடும் விதத்தைத் தாமாக அமைத்துக்கொள்ளும் வசதி 2023-இல்தான் வந்தது. மற்றபடி, கூடுதல் ஸ்விட்ச் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துச் சோதிக்கப்பட வேண்டியது என்ற ஹுட்டரரின் கறார்தான் இந்த மென்பொருளைக் காப்பாற்றியது என்பேன்.

உங்கள் கர்சர் இன்னும் துள்ளினால் முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். துள்ளல் நின்றால் கோளாறு மின்சாரத்தில். எர்த் சரியாக உள்ள பிளக்கில் போடுங்கள், அல்லது சார்ஜரை மாற்றுங்கள். பழைய சினாப்டிக்ஸ் டிரைவர் பேக்கேஜ் கிடந்தால் எடுத்துவிடுங்கள். எக்ஸ் திரையில் அது லிப்இன்புட்டை ஓரங்கட்டிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் கோளாறு நடக்கும் சில நொடிகளைப் பதிவு செய்து லிப்இன்புட் திட்டத்துக்கு அனுப்பிவையுங்கள். உங்கள் மாடல் வைத்திருக்கும் யாரோ ஒருவருக்கு அந்தக் கோளாறே தெரியாமல் போகும்.