திட்டமில்லாமல் ஏறுகிற ரயில்

1972இல் சர்வதேச ரயில்வே ஒன்றியத்துக்கு ஐம்பது வயது. அதைக் கொண்டாட ஐரோப்பிய ரயில்வேக்கள் சேர்ந்து ஒரு ரிக்கற்றை வெளியிட்டன. 21 வயதுக்கு மேற்படாத எவரும் அதை வாங்கலாம். ஒரு மாதத்துக்கு 21 நாடுகளின் ரயில்களில் இரண்டாம் வகுப்பில் எங்கே வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். பிரித்தானியாவில் விலை 27 பவுண் 50 பென்ஸ். சொந்த நாட்டுக்குள் மட்டும் பாதிக் கட்டணம் கட்டவேண்டும். பெயர் இன்ரர்ரெயில். அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் என்றுதான் தொடங்கினார்கள். பெடியள் அள்ளிக்கொண்டு போனதால் நிற்பாட்ட முடியவில்லை. வயது எல்லை 23 ஆகி, பிறகு 26 ஆகி, இன்றைக்கு எந்த வயதுக்காரரும் வாங்கலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

இதைப் பெரிய தாராள மனசு என்று நினைக்கத் தேவையில்லை. அப்போது கார்களும் நெடுஞ்சாலைகளும் ரயிலின் பயணிகளை இழுத்துக்கொண்டிருந்த காலம். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி ஓடத்தான் வேண்டும். வெறுமையாகக் கிடக்கிற இருக்கையில் ஒரு மாணவன் குந்திக்கொண்டு போனால் ரயில்வேக்கு மேலதிகச் செலவு எதுவுமில்லை. இந்தக் கணக்குத்தான் ஒரு தலைமுறைக்கே ஐரோப்பாவைத் திறந்துவிட்டது.

அவர்கள் எப்படிப் பயணம் செய்தார்கள் என்பது எனக்குச் சுவையான விஷயம். கையில் தோமஸ் குக் நிறுவனத்தின் கால அட்டவணைப் புத்தகம். 1873இல் தொடங்கி 2013 வரை அந்த நிறுவனம் வெளியிட்டு வந்த, கண்டம் முழுக்க ஓடும் ரயில்களின் நேரங்களைப் பொடி எழுத்தில் அடுக்கிய புத்தகம் அது. (நிறுவனம் கைவிட்ட பிறகு, அதில் வேலை செய்தவர்களே சேர்ந்து அதைத் தொடர்ந்து வெளியிடுகிறார்கள். சிலருக்கு அட்டவணையும் இலக்கியந்தான்.) இரவு வந்தால் அந்தப் புத்தகத்தைப் புரட்டி, எட்டு மணித்தியாலமாவது ஓடக்கூடிய ஒரு வண்டியைத் தேடுவார்கள். வண்டி எங்கே போகிறது என்பது இரண்டாவது விஷயம். தங்கும் காசு மிச்சம், அதுதான் முதல் விஷயம். பழைய ஆறு பேர் பெட்டிகளில் எதிரெதிர் இருக்கைகளை இழுத்துச் சேர்த்தால் கட்டில் மாதிரி ஆகிவிடும். விடிய எழும்பிப் பார்த்தால் வேறு நாடு, வேறு மொழி, வேறு காசு. ரயிலில் தூங்காத இரவுகளுக்கு இளைஞர் விடுதிகள் இருந்தன. ஜேர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஆசிரியர் 1912இல் அல்தேனா கோட்டைக்குள் தொடங்கிய விடுதியின் வழிவந்தவை அவை.

இன்றைக்கு 'குறைந்த செலவில் ஐரோப்பா' என்று தேடினால் வருகிற அறிவுரைகள் எல்லாம் இதே சரக்குத்தான். இரவு ரயிலில் ஏறு, பாணும் சீஸும் கடையில் வாங்கிச் சாப்பிடு, ஒரு ஊர் பிடிக்காவிட்டால் அடுத்த வண்டியில் ஏறிவிடு. இந்த மூன்றாவது அறிவுரையில்தான் மலிவுப் பயணத்தின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்ரர்ரெயில் விற்றது தூரத்தை இல்லை. முன்கூட்டியே எதையும் முடிவெடுக்காமல் போகிற வசதியை. அந்த வசதி யாருக்குக் கிடைத்தது என்று கேட்டால் கதை கடவுச்சீட்டுக்குப் போய்விடுகிறது.

முதலாம் உலகப் போருக்கு முன்னர் மேற்கு ஐரோப்பாவின் பெரும் பகுதியில் கடவுச்சீட்டு இல்லாமலே ரயிலேறி எல்லை கடக்கலாம். ரஷ்யாவும் ஒட்டோமான் பேரரசுந்தான் கட்டாயம் கேட்ட நாடுகள். போர் வந்தது, உளவாளிப் பயம் வந்தது, எல்லாரும் கேட்கத் தொடங்கினார்கள். போர் முடிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1920இல் பாரிஸில் சர்வதேச சங்கம் ஒரு மாநாடு கூட்டியது. அதன் பெயரைப் பாருங்கள்: கடவுச்சீட்டு, சுங்க நடைமுறை, நேரடிப் பயண ரிக்கற் ஆகியவை பற்றிய மாநாடு. இன்றைய கடவுச்சீட்டுப் புத்தகத்தின் பொது வடிவம் அங்கேதான் பிறந்தது. எல்லைகளைத் தாண்டி ஓடும் ரிக்கற்றும் எல்லையில் ஆளை மறிக்கும் புத்தகமும் ஒரே மேசையில் பேசப்பட்டிருக்கின்றன.

இரண்டு வருடம் கழித்து, 1922இல், ரயில்வே ஒன்றியம் உருவானது. ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்து, ஒரே பாதையாக ஓடிய தண்டவாளங்கள் திடீரென்று பல நாடுகளுக்குள் துண்டாகிக் கிடந்தன. பெட்டிகளும் விதிகளும் எல்லை தாண்டிப் பொருந்தவேண்டும் என்பதுதான் அதன் வேலை. அதே 1922இல் நாடற்றுப்போன ரஷ்ய அகதிகளுக்காக நான்சன் கடவுச்சீட்டும் வந்தது. ரயில் பெட்டிக்கு எல்லை தாண்ட வழி செய்த அதே வருடம், நாடில்லாத மனிதருக்கும் ஒரு தாள் தேவைப்பட்டிருக்கிறது.

இன்ரர்ரெயிலுக்கு ஒரு அண்ணனும் உண்டு: 1959இல் வந்த யூரெயில். அது ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது. அமெரிக்க உல்லாசப் பயணிகளின் டொலரைக் குறிவைத்து, முதலாம் வகுப்பாகத் தொடங்கப்பட்டது. இன்றைக்கும் அந்தப் பிரிவு இருக்கிறது. பாரிஸில் இருக்கும் உங்கட மச்சான் இன்ரர்ரெயில் வாங்குவார், நீங்கள் யூரெயில் வாங்குவீர்கள். ஏறுகிற வண்டி ஒன்றுதான். ரிக்கற்றில் பெயர்தான் வேறு, அதுவும் வதிவிடத்தை வைத்து.

எங்கட ஆட்களும் அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ரயில் ஏறியிருக்கிறார்கள், ஆனால் வேறு ரயில். 1980களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து புறப்பட்ட தமிழ் இளைஞர்கள் கனபேர் கிழக்கு பேர்லினின் ஷேனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினார்கள். கிழக்கு ஜேர்மனி கடந்துபோகும் விசாவைக் கொடுத்தது. அங்கிருந்து பிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையம். பேர்லினுக்குக் குறுக்கே மதில் இருந்தாலும் அந்த நிலையத்திலிருந்து நகர ரயில் மேற்குக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேற்கு நாடுகள் பேர்லினுக்கு நடுவே இருந்ததைச் சர்வதேச எல்லையாக ஏற்காதபடியால் மறுபக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. அடுத்த நிலையத்தில் இறங்கினால் மேற்கு பேர்லின். அங்கே தஞ்சம் கேட்கலாம். கண்டத்தில் ஓடிய எந்த நீண்ட வண்டியையும்விட அந்தச் சில நிமிட ரயில்தான் எங்கட சமூகத்தின் வரலாற்றை மாற்றியிருக்கிறது. ஐரோப்பிய ரயில் வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியிலாவது சொல்லவேண்டும்.

1985 ஜூன் 14இல் பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பேர்க் ஆகிய ஐந்தும் ஷெங்கன் கிராமத்தில், மொசெல் ஆற்றில் ஒரு கப்பலில் வைத்து, தங்களுக்கிடையிலான எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்க ஒப்பந்தம் போட்டன. அந்தக் கோடையிலேயே கிழக்கு ஜேர்மனி, மேற்கு ஜேர்மன் விசா இல்லாத இலங்கைத் தமிழரை இனிக் கடந்துபோக விடமாட்டோம் என்று பொன்னுக்கு ஒப்புக்கொண்டது. அடுத்த வருடம் அந்தத் தடை மற்ற நாட்டவருக்கும் விரிந்தது. ஷெங்கன் நடைமுறைக்கு வந்தது 1995 மார்ச்சில்.

2015 செப்டெம்பரில் புடாபெஸ்டின் கெலெட்டி நிலையத்தில் இதே காட்சி இன்னொரு தடவை. சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் ஜேர்மனிக்கு ரிக்கற் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். பொலிஸ் உள்ளே விடவில்லை. கோடை விடுமுறைக்கு வந்த மற்றவர்கள் அதே வாசலால் போய்வந்தார்கள். மூன்று வருடம் கழித்து ஐரோப்பிய ஒன்றியம் தன் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இலவச ரயில் பாஸ் கொடுக்கும் 'டிஸ்கவர் ஈயூ' திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம், எனக்கு அதில் பொறாமையைத் தவிர வேறு குறை இல்லை.

எங்கட கடவுச்சீட்டோடு இன்றைக்குப் போக நினைத்தால் ஷெங்கன் விசா வேணும். கட்டணம் 90 யூரோ, மறுத்தால் திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்புறுதி. வங்கிக் கணக்குக் கூற்று. எந்தத் திகதி எந்த ஊர், எந்த இரவு எங்கே படுக்கை என்பதற்கான பதிவுகள். பிடிக்காவிட்டால் அடுத்த வண்டியில் ஏறிவிடு என்ற அறிவுரையை எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது? இதில் சில்லறை வழிகளும் உண்டு. பணம் கட்டாமல் இரத்துச் செய்யக்கூடிய விடுதிப் பதிவுகளைத்தான் பலர் போடுகிறார்கள். பாஸை முதலிலேயே வாங்கத் தேவையில்லை, விசா கிடைத்த பிறகு வாங்கினால் போதும்.

பழைய காகித இன்ரர்ரெயில் பாஸோடு வெறும் கோடுகள் போட்ட ஒரு தாள் வரும். ஒவ்வொரு வண்டியில் ஏறும்போதும் திகதி, நேரம், எங்கிருந்து, எங்கே என்று பேனையால் நிரப்பவேண்டும். கிட்டத்தட்ட அதே கோடுகளைத்தான் விசாவுக்கு நாங்களும் நிரப்புகிறோம், ரயில் நிலையத்தைக் கண்ணால் காண்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே.