பனிக்குடத்துக்குப் போகும் கொலாஜன்

பனிக்குடம் தாயின் வயிற்றில் இருந்தாலும் அது குழந்தையின் உறுப்பு; கருவிலிருந்தே வளர்ந்தது. அதன் உள்சவ்வான ஆம்னியானில் ரத்தக்குழாயே கிடையாது. அதைத் தாங்குவது கொலாஜன் என்ற புரதம். அந்தக் கொலாஜனின் கதை குழந்தையின் 17-ஆம், 7-ஆம் குரோமோசோம்களில் தொடங்குகிறது.

அங்குள்ள இரண்டு மரபணுக்கள் சொல்கிறபடி, சவ்விலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லுக்குள் நீளநீளமாகப் புரத இழைகள் உருவாகின்றன. ஒவ்வோர் இழையிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள். மூன்றுக்கு ஒன்று கிளைசின். மூன்று இழைகள் முறுக்கிக்கொள்ளும்போது நடுவில் இடம் அவ்வளவு நெருக்கம், கிளைசினைவிடப் பெரியது எதுவும் அங்கே அடங்காது. முறுக்கு தளராதிருக்க வைட்டமின் சி-யும் வேண்டும்.

முறுக்கிய இழை தனியே கிளம்புவதில்லை. எச்எஸ்பி47 என்ற புரதம் கூடவே வருகிறது. கசுஹிரோ நகாதா குழுவினர் 1986-இல் கோழிக்கருவின் செல்களில் அடையாளம் கண்டது இது. மணப்பெண்ணைப் புகுந்த வீட்டு வாசல்வரை கொண்டுவிடும் தோழி மாதிரி, செல்லுக்குள்ளிருக்கும் கோல்கி என்ற உறுப்பு வரை வந்து, அமிலத்தன்மை கூடியதும் பிடியை விட்டுத் திரும்பிவிடும்.

இந்தத் தோழி குறைந்தால்? ஜெரோம் ஸ்ட்ராஸ் குழுவினர் 2006-இல் ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் கண்டது அதைத்தான். எச்எஸ்பி47-ஐ உருவாக்கும் செர்பின்எச்1 மரபணுவை முடுக்கிவிடும் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. புரதத்தில் பிழையில்லை, அளவுதான் குறைவு. அந்த மாற்றத்தைச் சுமந்த குழந்தைகளின் பனிக்குடம் நாள் நிறையுமுன்பே உடையும் வாய்ப்பு கூடியிருந்தது.

செல்லைவிட்டு வெளியேறியதும் கொலாஜனின் இரு நுனிகளும் நறுக்கப்படுகின்றன. லைசில் ஆக்சிடேஸ் நொதி இழையோடு இழையைப் பிணைக்கிறது. நார் எவ்வளவு தடிக்கலாம் என்பதை ஐந்தாம் வகைக் கொலாஜன் கட்டுப்படுத்துகிறது. அதன் மரபணு பழுதானால் தோல் இழுத்த இழுப்புக்கு வரும் எலர்ஸ்-டான்லோஸ் நோய். அந்நோயாளிகள் பலர் பனிக்குடம் முன்கூட்டியே உடைந்து குறைமாதத்தில் பிறந்தவர்கள் என்று 1966-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. தொற்று, புகைப்பழக்கம் போன்ற காரணங்களும் உண்டுதான். ஆனாலும் வீட்டில் விசாரணை தாயிடமே நடக்கிறது: குடத்தைத் தூக்கினாயா, படியேறினாயா?

கொலாஜனின் முடிவும் மரபணுவில் எழுதியதே. எம்எம்பி-1 என்ற நொதி முறுக்கிழையை முக்கால் நீளத்தில், குறித்த ஒரே இடத்தில் வெட்டும். துண்டுகள் உடல்சூட்டிலேயே குலைந்துபோகும். பலருக்கு இந்நொதியின் மரபணுவை முடுக்கும் பகுதியில் குவானைன் என்ற மரபணு எழுத்து ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதனால் ஆம்னியான் செல்கள் நொதியை மிகுதியாகச் சுரக்கின்றன என்று ஸ்ட்ராஸ் பங்கேற்ற 2002-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. ஆபத்து கூடுகிறது, அவ்வளவே. அந்த எழுத்தோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் நாள் நிறைந்தே பிறக்கிறார்கள்.