குமாஸ்தா படி

வக்கீல் குமாஸ்தாவுக்கு என்ன சம்பளம் என்று கேட்டால் யாரிடமும் நேர் பதில் வராது. 1974இல் கும்பகோணத்தில் ஒரு சிவில் வக்கீலிடம் நான் சேர்ந்தபோது மாதம் 75 ரூபாய். வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் அது சரியாய்ப் போகும். மற்றதெல்லாம் கட்சிக்காரர் தரும் குமாஸ்தா படியில்தான் நடந்தது.

வக்கீல் ஃபீஸ் உள்ளே வெற்றிலைத் தட்டில் வைக்கப்படும். படி வாசல் திண்ணையில் கை மாறும். இவ்வளவு என்று கணக்கு கிடையாது. மிராசுதார் நோட்டை நீட்டுவார், குத்தகைக்காரர் அறுவடை முடிந்து நெல்லோடு வருவார். லண்டனிலும் பாரிஸ்டரின் குமாஸ்தாவுக்குக் கட்சிக்காரர் தனியாக ஃபீஸ் கொடுத்த காலம் உண்டு. வெள்ளைக்காரன் வழக்கமோ, நம் ஊர் மாமூலோ, இரண்டும் இங்கே நன்றாகவே ஒட்டிக்கொண்டன.

வேலை லேசானதில்லை. பிராதின் ஓரத்தில் துளையிட்டு, நூல் கோத்து, டாக்கெட் எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, கோர்ட்டில் பிராதுகளைச் சரிபார்க்கும் சிரஸ்தாரிடம் கொடுக்க வேண்டும். ஸ்டாம்பு குறைந்தால் கட்டு திரும்பி வரும். வழக்குப் போடும் கெடு முடிவதற்கு முந்தைய நாள் அப்படி வந்தால் அன்று சாப்பாடு இறங்காது. டைப்பிஸ்டுக்கோ பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அவர் பாடு தேவலை.

மெட்ராஸ் ஹைகோர்ட் 1862இல் தொடங்கியது. ஆனால் வக்கீல் குமாஸ்தாக்களுக்கு நல நிதிச் சட்டம் தமிழ்நாட்டில் வந்ததோ 1999இல்தான்.

இன்றைய இளம் வக்கீல்களே, குமாஸ்தாவின் பிழைப்பைக் கட்சிக்காரர் தலையில் கட்டாதீர்கள். மாதம் பிறந்ததும் சம்பளத்தை வங்கியில் போட்டுவிடுங்கள்.